எத்தினி செருப்புல நிக்கும்?

உத்திரமேரூர் தாலுக்கா பூரா தேடிப் பாருங்க. வண்டி ஓட்டத் தெரிஞ்சவன் தெருவுக்கு நாப்பது பேரு கெடைப்பான். வண்டி நிறுத்தத் தெரிஞ்ச ஆளு ஒருத்தருதான் இருந்தாரு. அது எங்க சாக்பீசு.

சொம்மா சொல்லல. யாராச்சும் புது வண்டி வாங்கினா ஊரே இன்னா கேக்கும்? "இன்னா மைலேஜ் குடுக்குது?"ன்னு கேக்கும். சாக்பீஸ் வண்டிய ஒரு சுத்து சுத்தி வந்து, குனிஞ்சி சக்கரத்துக்குள்ள எட்டிப் பாத்துட்டு, "எத்தினி செருப்புல நிக்கும்?"னு கேப்பாரு. வண்டிக்காரன் பேந்தப் பேந்த முழிப்பான். தன்ன திட்டறாரா, வண்டிய திட்டறாரான்னு அவனுக்குப் புரியாது.

எனக்கு அவரு வூட்டுக்காரரு. நான் ஏழாவது வரைக்கும்தான் படிச்சேன். கல்யாண காருக்கு பூ ஜோடனை பண்றது என் வேல. அவரு போயி நாலு மாசம் ஆவுது. மஞ்ச காமாலை. முப்பத்திரெண்டு வயசு. உங்க புக்குல ஆளாளுக்கு யாரப் பத்தியோ எழுதறாங்க, நான் என் ஆளப் பத்தி எழுதறேன். அழுவாச்சியா எழுத மாட்டேன். அந்தாளு அழுவற மாதிரி ஆளே கெடையாது.

அவரு நெஜப்பேரு ஊருல ஒருத்தருக்கும் தெரியாது. செத்த அன்னிக்கி தோஸ்துங்க கண்ணீர் அஞ்சலி பேனர் அடிச்சி பஸ் ஸ்டாண்டுல கட்டுனாங்க. மரியாதையா இருக்கட்டும்னு என்னாண்ட கேட்டு நெஜப்பேர பெருசா போட்டுட்டாங்க. போட்டோ வேற எப்பவோ எடுத்தது, மீசை கூட இல்ல. மத்தியானம் வரைக்கும் ஒரு ஈ காக்கா எங்க வூட்டுப் பக்கம் வரல. "யாரோ வெளியூர்க்காரன் போலக்கீது, பாவம், சின்ன வயசு"ன்னு டீ குடிச்சிக்கினே பாத்துட்டுப் போயிருக்காங்க. அப்பால பசங்க ஓடிப்போயி "சாக்பீஸ்"னு கொட்ட எழுத்துல வேற பேனர் அடிச்சாங்க. அரை மணி நேரத்துல எங்க தெரு கொள்ளல. அந்தக் கூட்டத்துல ஒரு பெரியவரு என்னாண்ட வந்து, "ஏம்மா, காலைல கட்டியிருந்த பேனரு யாரு? அதுவும் இதே தெருவா? அங்கயும் ஒரு எட்டு போயி தல காட்டிட்டு வந்துடறேன்"னாரு. அவ்ளோ அழுவைலயும் எனக்குச் சிரிப்பு வந்துடிச்சி. பக்கத்துல ஒக்காந்திருந்தவங்க, பொண்ணுக்கு புத்தி கலங்கிடிச்சின்னு தண்ணி தெளிச்சாங்க.

சட்டப் பையில எப்பவும் நாலு சாக்பீஸ் வெச்சிருப்பாரு, அதான் அந்தப் பேரு. ரோட்டுல குறுக்க ஒரு கோடு கிழிப்பாரு. கார ஓட்டிக்கினு வந்து, சரியா அந்தக் கோட்டு மேல பிரேக்க மிதிப்பாரு. வண்டி எங்க நிக்குதோ அங்க இன்னொரு கோடு. அப்பால எறங்கி, ஒரு செருப்புக்கு முன்னாடி இன்னொரு செருப்ப ஒட்ட வெச்சி, கோயில்ல அடிப்பிரதட்சணம் பண்றவங்க மாதிரி ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணிக்கினே போவாரு. அதுதான் அவரு கணக்கு. நான் மனசு கேக்காம ஒரு டேப்பு வாங்கிக் குடுத்தேன். "டேப்ப நம்ப முடியாது பூக்காரி, வெயில்ல நீளும்"னாரு. ரப்பர் செருப்பு நீளாதாம்!

ஒரு தபா கோயில் வாசல்ல அந்தச் செருப்ப எவனோ தூக்கிக்கினு போயிட்டான். மனுசன் சோறு திங்கல.

"வேற வாங்கிக்கலாம்யா. செருப்புக்குப் போயி இப்பிடியா?"

"வேற வாங்கினா மூணு வருசத்துக் கணக்கும் போச்சே பூக்காரி."

மூணாம் நாளு பஸ் ஸ்டாண்டுல ஒருத்தன் அதே செருப்ப மாட்டிக்கினு பஸ் ஏறப் போறான். இவரு ஓடிப்போயி கால புடிச்சிக்கினாரு. அவன் பயந்துட்டான். "அண்ணே, தெரியாம போட்டுக்கினு வந்துட்டேண்ணே, எடுத்துக்கோண்ணே!"ன்னான். இவரு, "செருப்ப நீயே வெச்சிக்கப்பா, கால மட்டும் ஆட்டாத"ன்னு சொல்லி, இடுப்புல இருந்த நூலால செருப்போட நீளத்த அளந்துக்கினு வந்துட்டாரு. அப்பால புது செருப்பு ஒரு ஜோடி வாங்கி, நூல வெச்சி, முன்னாடி கொஞ்சம் பின்னாடி கொஞ்சம் பிளேடால செதுக்கி, பழைய அளவுக்கே கொண்டாந்தாரு.

அவரு ஓட்டினது ரைஸ்மில் நைனாவோட மாப்ள காரு. நைனான்னா எங்க ஊருல அரிசி மில்லு வெச்சிருக்கறவரு, ஊரே அவர அப்பிடித்தான் கூப்பிடும். அவரோட தாத்தா எந்தக் காலத்துலயோ வாங்கின காரு. மேல கூரை கெடையாது, ரெண்டு பக்கமும் படி, முன்னாடி தவளைக் கண்ணு மாதிரி ரெண்டு லைட்டு. சுத்துப்பட்டுல எங்க மாப்ள அழைப்புன்னாலும் அதுதான் போவும். இப்ப வர காருங்க மாதிரி அதுல பிரேக்குக்கு ஆயிலு கெடையாது. கால்ல மிதிச்சா ஒரு இரும்புக் கம்பி இழுக்கும். கம்பி இழுத்தா, சக்கரத்தோட சுத்தற டிரம்முக்குள்ள ரெண்டு ஷூ விரிஞ்சி டிரம்ம புடிக்கும். ஷூ மேல லைனர்னு ஒரு பட்டை ஒட்டியிருக்கும், அது ஒரசினாத்தான் வண்டி நிக்கும். ஏழாவது படிச்சவ இவ்ளோ தெளிவா சொல்றாளேன்னு பாக்காதீங்க. கல்யாணம் ஆன மொத வாரம் எங்க வூட்டுல வேற பேச்சே நடக்கல.

அதுக்காக அவரு பட்ட பேஜார் கொஞ்சம் நஞ்சம் இல்ல. ஒரு நாளு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி தெருவுல பத்து பன்னெண்டு கோடு கிழிச்சி, பக்கத்துல நம்பரு போட்டுட்டு, நாஷ்டா பண்ண வூட்டுக்கு வந்துட்டாரு. திரும்பிப் போயி பாத்தா தெருவே கூடி நிக்குது. ரோடு அகலம் பண்ண அளவெடுத்துட்டுப் போயிருக்காங்கன்னு பொரளி கெளம்பிடிச்சி. ஒரு அம்மா வாசப்படி மேல கால நீட்டி ஒக்காந்துக்கினு, "என் மேல ஏத்திட்டு அப்பால இடிங்கடா!"ன்னு கத்துது. இவரு போயி குனிஞ்சி கோட்ட பாத்ததும், "சார் வந்துட்டாரு, சார் வந்துட்டாரு"ன்னு நாற்காலி போட்டு டீ வாங்கிக் குடுத்தாங்க.

"சார், என் வூட்டாண்ட முப்பத்தாறுன்னு போட்டுக்கீதே, அது அடியா சார்?"

"இல்லம்மா. செருப்பு."

"அடப்பாவிங்களா! எங்க வூட்ட செருப்பால அளக்கறீங்களா!"

டீய முழுசா குடிச்சிட்டுத்தான் ஓடி வந்தாரு. அந்தத் தெருவுல இன்னிக்கும் அந்தம்மா என்ன பாத்தா தொடப்பத்த தேடும்.

நான் அவர மொத மொதல்ல பாத்ததே அந்தக் காராண்டதான். நான் ஜோடனை பண்ணிக்கினு இருந்தேன். வந்து நின்னு, "எத்தினி கிலோ பூவு?"ன்னு கேட்டாரு. ரேட்ட கொறைக்கத்தான் கேக்கறாருன்னு, "பூவ எவனாச்சும் காரு மேல போட்டு கிலோ கேப்பானா? மொழம் கேளு"ன்னேன். "மொழம் எனக்கு வாணாம். நீ தண்ணி தெளிச்ச சாமந்தி, அந்த ரெண்டு வாழமரம், எல்லாம் சேத்தா எம்மாங்கனம்? அதையும் சேத்து நான்தான் நிறுத்தணும்"னாரு. ஒருத்தன் பூவோட பாரத்தப் பத்தி கவலப்படறத அன்னிக்கித்தான் பாத்தேன். அப்பிடியே என்ன மேலயும் கீழயும் பாத்தாரு. எனக்குக் கோவம் வந்துடிச்சி. "இன்னாயா பாக்கற?"ன்னேன். "முக்கா மூட்டை கூட தேற மாட்ட"ன்னாரு. ஒரு வருசம் கழிச்சி அவரையே கட்டிக்கினேன்.

மனுசன எல்லாம் நெல்லு மூட்டையிலதான் எடை போடுவாரு. எங்க ஊரு நெல்லு யாவார ஊரு, மூட்டைன்னா சின்னப் புள்ளைக்கும் கணக்கு தெரியும். மாப்ள காருல ஏற வரவங்கள கதவாண்ட நின்னு மறிப்பாரு. "நீ ஏறு, அரை மூட்டை. நீ ஏறு. அண்ணே, நீ இரு. நீ ஒண்ணே முக்கா." ஒரு தபா மாப்ளையோட தாய்மாமன பாத்து, "ரெண்டு மூட்டை, எறங்கு"ன்னுட்டாரு. அந்தாளு தாட்டியானவரு. வேட்டிய மடிச்சிக் கட்டிக்கினு, "யாரப் பாத்துடா மூட்டைன்ற?"ன்னு பாஞ்சாரு. இவரு ஒரு எட்டு பின்னால போயி, மறுபடியும் நல்லா பாத்து, "கோவப்படாதண்ணே, தப்பா சொல்லிட்டேன். ரெண்டே கால்"னாரு.

இதெல்லாம் வெளையாட்டு மாதிரி போயிக்கினு இருந்திச்சி. அதுக்கப்பால தென்னேரில ஒரு மாப்ள அழைப்பு நடந்திச்சி.

ஊர்கோலம்னா உங்களுக்கே தெரியும். முன்னாடி மேளம். மேளத்துக்கு முன்னாடி பசங்க டான்சு. காரு ஆமை மாதிரி நகரும். பத்தடிக்கு ஒரு தபா எவளாச்சும் ஆரத்தி தட்டோட வந்து நிப்பா. அன்னிக்கி அப்பிடித்தான் ஒரு அத்தை ஆரத்தி சுத்திட்டு, அந்தச் செவப்புத் தண்ணிய காரு முன்னாடி வீசி ஊத்துனா. கொஞ்சம் தண்ணி சக்கரத்து மேல தெறிச்சிது. "சுர்ர்ர்"னு ஒரு சத்தம். தோச கல்லுல தண்ணி பட்ட மாதிரி ஆவி கெளம்பிச்சி.

கூட்டத்துக்கு ஒரே குஷி. "பாத்தியா பாத்தியா! எம்மாங் கண்ணு பட்டுக்கீது பாரு புள்ள மேல! சுர்ருன்னு எரியுது பாரு!" மாப்ளையோட அம்மா நெட்டி முறிச்சி அழுதுட்டாங்க. அடுத்த வூட்டுக்காரி போட்டிக்கு ஒரு கொடம் கொண்டாந்து ஊத்துனா. அங்கயும் சுர்ரு. அப்பால தெருவே கொடத்தோட நிக்குது.

சாக்பீஸ் மட்டும் எறங்கி, சக்கரத்தாண்ட குந்திக்கினு, மோந்து பாத்தாரு. "கண்ணும் இல்ல மண்ணும் இல்லம்மா, டிரம்மு! டிரம்மு காஞ்சிக்கீது! ஊத்தாதீங்க, வெடிச்சிடும்!"னு கத்துனாரு. யாரு கேக்கறாங்க? மாப்ளையோட அம்மா, "இந்த டிரைவருக்குத்தான் மொதல்ல சுத்திப் போடணும்"னு சொல்லி அவரு தலைய மூணு தபா சுத்தி ஒரு எலுமிச்சம்பழத்த அறுத்துட்டாங்க.

வூட்டுக்கு வந்தும் மனுசனுக்கு ஓயல. நடக்கற வேகத்துல போற காரு, அதுக்கு எங்கருந்து சூடு? ஒரு மாசம் போட்டுப் பாத்தாரு. காலியா ஒரு தபா, மூட்டை ஏத்தி ஒரு தபா, ஆறிப்போயி ஒரு தபா, சூடா ஒரு தபா. சூட்டுக்கு அவரு மூணு பேரு வெச்சிருந்தாரு. டிரம்ம தொட முடிஞ்சா கை சூடு. தண்ணி தெளிச்சா சுர்ருன்னா தோச சூடு. தெளிக்காமலே நாத்தம் அடிச்சா வாட சூடு. வேகத்துக்கு ரெண்டு கரண்டு கம்பத்துக்கு நடுவுல எத்தினி எண்ண முடியுதுன்னு கணக்கு. முப்பது எண்ணினா நடை, நாலு எண்ணினா டவுன் பஸ்சு.

ஒரு நாளு காலைல இட்லி தட்டோட ஓடி வந்தாரு. "பூக்காரி, புடிச்சிட்டேன்! வேகமா போற காரு எப்பவாச்சும்தான் பிரேக்க மிதிக்கும். ஊர்கோலம் போற காரு ஒரு நிமிசம் கூட கால எடுக்காது. முன்னாடி ஆடறானே, அவன் மேல ஏத்தக்கூடாதுன்னு டிரைவரு பிரேக்க அரைவாசி மிதிச்சிக்கினேதான் போறான். ரெண்டு மணி நேரம் ஒரசினா காயாதா? காஞ்சா டிரம்மு பெருத்துக்கும், ஷூ எட்டாது. லைனரு வழவழன்னு ஆயிடும். மெதுவா போறப்போ ஒண்ணும் தெரியாது. ஊர்கோலம் முடிஞ்சி, நேரமாச்சின்னு எவனாச்சும் வேகமா வுட்டான் பாரு, அன்னிக்கி நிக்காது."

அந்த அன்னிக்கி சீக்கிரமே வந்திச்சி. நைனாவோட ஒரே புள்ளைக்குக் கல்யாணம் வெச்சாங்க.

கோயில்லருந்து கெளம்பி, நாலு தெரு ஊர்கோலம் போயி, ஏரிக்கரை மேல ஏறி, அந்தப் பக்கம் சரிவுல எறங்கினா கல்யாண மண்டபம். சரிவு முடியற எடத்துலதான் மண்டபத்து வாசலு. பொம்பளைங்க எல்லாம் ஆரத்தி தட்டோட அங்கதான் நிப்பாங்க. நல்ல நேரம் முடியறதுக்குள்ள மாப்ள எறங்கணும். தெருவுல ஆடித் தீத்துட்டு, கடைசீல சரிவுல வேகமா வுடுவாங்க. சாக்பீசுக்கு அதக் கேட்டதுமே நாஷ்டா எறங்கல. நானும் கூட போனேன், மில்லுலயே நைனாவ பாத்தோம்.

"நைனா, சரிவு வாணாம். காருல நாலு பேருதான் ஏறணும்."

"டேய், என் புள்ளையோட தோஸ்துங்க, என் தங்கச்சிங்க புள்ளைங்க, மொத்தம் பதினாலு பேருடா."

"நாலு பேரு நைனா."

"நாலு பேரா? மாப்ளைய அழைச்சிக்கினு வரச் சொன்னா, இன்னாடா தூக்கிக்கினு போற கணக்கு சொல்ற? எங்க தாத்தா காலத்துலருந்து ஓடற காருடா இது. எங்கயாச்சும் நிக்காம போச்சா?"

"இன்னும் போவல நைனா."

நைனா மூஞ்சி செவந்துடிச்சி. மில்லுல நின்ன அத்தினி பேரும் வேலைய வுட்டுட்டு பாக்கறாங்க. "ஊருல உன்ன கிறுக்கன்னு சொல்றத நான் ஒத்துக்கினதில்லடா. ஞாயித்துக்கிழம எல்லார் முன்னாடியும் ஓட்டிக் காட்டு. நின்னுச்சின்னா சாவிய குடுத்துட்டுப் போயிடு. வேற டிரைவரு வெச்சி நான் ஊர்கோலம் நடத்திக்கிறேன். அதுக்கப்பால நீ இந்தக் கார தொடவே கூடாது."

"சரி நைனா"ன்னு சொல்லிட்டு வந்துட்டாரு. அந்தக் காரு போச்சின்னா அவருக்கு இன்னா கீது? வேற எந்த வேலைக்கும் அவர வெச்சிக்க மாட்டாங்க. அதவிட, வேற எவனாச்சும் அந்தப் பதினாலு பேர ஏத்திக்கினு சரிவுல வந்தான்னா, வாசல்ல நிக்கறது யாரு? ஜோடனைக்காரி நானும் அங்கதான் நிப்பேன்.

ஞாயித்துக்கிழம காலைல ஏரிக்கரைல திருவிழா கூட்டம். சரிவுல ஒரு கோடு, அங்கதான் பிரேக்கு புடிக்கணும். எழுபது செருப்பு தள்ளி மண்டபத்து வாசக்கோடு. வாசலுக்கு எதிர்க்க அறுப்பு முடிஞ்ச கழனி. நானும் அவரும் மொத நாளே அங்க வைக்கோலு கொண்டாந்து மலை மாதிரி குவிச்சி வெச்சோம். என் வேல கரண்டு கம்பத்தாண்ட நின்னு வேகத்த எண்ணறது.

மொத தபா, காலி காரு, நடை வேகம். நாலு செருப்புல நின்னுச்சி. ஒரே விசிலு.

ரெண்டாவது தபா, பதினாலு பேரு பாரத்துக்குப் பத்து நெல்லு மூட்டை ஏத்தி, டவுன் பஸ் வேகம். நைனா, "மூட்டை வாய் பேசாது, நான் ஒக்காந்து பாக்கறேன்"னு மூட்டை மேல ஏறி ஒக்காந்துக்கினாரு. இவரு அவர பாத்து, "ஒண்ணரை"ன்னாரு. நான் கம்பத்தாண்ட எண்ணினேன், நாலு. அம்பத்திநாலு செருப்புல நின்னுச்சி. வாசக்கோட்டுக்கு இன்னும் பதினாறு செருப்பு பாக்கி.

நைனா மூட்டை மேலயே எழுந்து நின்னு கை தட்டுனாரு. "நின்னுச்சா இல்லியா? சாவிய குடுடா!"

"இன்னும் ஊர்கோலம் போவலயே நைனா"ன்னாரு இவரு.

"இன்னாடா ஊர்கோலம்?"

"உன் புள்ள காரு ஆறிப்போயா சரிவுக்கு வரும்? நாலு தெரு சுத்திட்டுத்தானே வரும்? சுத்திட்டு வரேன், எறங்காத."

அதே மூட்டை, அதே நைனா. நாலு தெருவையும் பிரேக்குல அரைக்கால் வெச்சிக்கினே சுத்த ஆரம்பிச்சாரு. காரு மெதுவா போறத பாத்ததும் பசங்களுக்குக் கால் நிக்குமா? ஒருத்தன் தகர டின்ன தட்டுனான், பத்து பேரு ஆட ஆரம்பிச்சாங்க. என் கூடைலருந்த சாமந்தி மாலைய எவனோ எடுத்து நைனா கழுத்துல போட்டுட்டான். மாப்ள காரு வாசல்ல வந்தா ஆரத்தி எடுக்காம இருக்கறது தோசமாம், பொம்பளைங்க தட்டோட வந்துட்டாங்க. நைனா மொதல்ல மொறைச்சாரு. ரெண்டாவது தெருவுல வெக்கப்பட்டாரு. மூணாவது தெருவுல கும்பிடு போட ஆரம்பிச்சிட்டாரு. அவரு வூட்டத் தாண்டும்போது அவரு சம்சாரம் மாடிலருந்து எட்டிப் பாத்து, "இந்த வயசுல இன்னாத்துக்கு உங்களுக்கு ஊர்கோலம்? பொண்ணு யாரு?"ன்னு கேட்டாங்க. தெருவே உருண்டு சிரிச்சிது.

நானும் சிரிச்சிக்கினேதான் கம்பத்தாண்ட போயி நின்னேன். காரு கரை மேல ஏறும்போதே வாட வந்திச்சி. எரிஞ்ச மாட்டுக் கொம்பு மாதிரி ஒரு நாத்தம்.

சரிவுல எறங்கிச்சி. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. அதே வேகம். கோட்டு மேல வந்ததும் அவரு கால அழுத்தறது எனக்கே தெரிஞ்சிது. காரு கேக்கல. உடம்பு பூரா எழுந்து நின்னு மிதிச்சாரு. கைப்பிரேக்க இழுத்தாரு, அதுவும் அதே ஷூவத்தானே புடிக்கணும்? அம்பத்திநாலு போச்சி. எழுபதாவது செருப்பு, வாசக்கோடு, அதுவும் போச்சி. நைனா மாலையோட, "டேய்! டேய்! டேய்!"னு கத்தறாரு. கூட்டம் பூரா அலறுது. அவரு ஸ்டியரிங்க ஒடிச்சி கழனிக்குள்ள வுட்டாரு. காரு போயி வைக்கோலுக்குள்ள பூந்துடிச்சி. நெல்லு மூட்டை ரெண்டு கிழிஞ்சி மேல பறந்திச்சி. அப்பால ஒரு சத்தமும் இல்ல.

எல்லாரும் ஓடுனோம். சாக்பீஸ் வைக்கோலுக்குள்ளருந்து எழுந்து வந்தாரு. நேரா ரோட்டுக்குப் போயி, கோட்டுல நின்னு, ஒரு செருப்புக்கு முன்னாடி இன்னொரு செருப்ப வெச்சி எண்ணிக்கினே வராரு. நைனா வைக்கோலுக்குள்ள இடுப்பு வரைக்கும் மாட்டிக்கினு, "என்ன தூக்குடா மொதல்ல!"ன்றாரு.

"இரு நைனா, எண்ணிக்கினு கீறேன். நூத்தி இருவத்தி மூணு, நூத்தி இருவத்தி நாலு..."

நைனாவுக்குத் தலை பூரா வைக்கோலு, கழுத்துல சாமந்தி. மெதுவா திரும்பி அந்த மண்டபத்து வாசல பாத்தாரு. அப்பால சின்னக் கொரல்ல கேட்டாரு, "எத்தினிடா?"

"நூத்தி முப்பத்தொண்ணு நைனா. அதுவும் பிரேக்கு நிறுத்தல. வைக்கோலு நிறுத்திச்சி."

சாவிய யாரும் கேக்கல.

கல்யாணத்தன்னிக்கி காருல மாப்ளையோட சேத்து நாலே பேரு. சரிவு கெடையாது, சுத்து வழி. தெருவுக்குத் தெரு கார ஓரமா நிறுத்தி, டிரம்மு கை சூட்டுக்கு வர வரைக்கும் காத்திருக்கணும். ஆடறவங்க அப்பத்தான் ஆடணும், காரு நகரும்போது ஆடக்கூடாது. நைனாவே மைக்க புடிச்சிக்கினு, "காரு ஆறட்டும்! எல்லாரும் ஆடுங்க!"ன்னு கத்துனாரு. சக்கரத்தாண்ட கொடத்தோட வந்த ஒரு அத்தைய அவரே மறிச்சி, "கண்ணும் இல்ல மண்ணும் இல்ல, டிரம்மு!"ன்னு வெளக்கம் சொன்னாரு. இப்போ எங்க பக்கம் எந்த ஊருல மாப்ள அழைப்பு நடந்தாலும், எவ்ளோ புதுக் காரா இருந்தாலும், நடுவுல ஓரமா நிறுத்தி டான்சு போடறாங்க. ஏன் நிறுத்தறோம்னு அதுல பாதி பேருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பூக்கூடையோட ஒரு ஓரமா நின்னு பாப்பேன். அப்பிடியே நெஞ்சு நிமுந்துக்கும்.

ஒண்ணே ஒண்ணுதான் யாராண்டயும் சொன்னதில்ல.

அந்த ஞாயித்துக்கிழம மத்தியானம், பம்புசெட்டாண்ட ஒக்காந்து அவரு தலைலருந்து வைக்கோலு எடுத்துக்கினு இருந்தேன். "பூக்காரி, காரு வாசக்கோட்ட தாண்டிச்சே, அப்போ பயந்துட்டியா?"ன்னு கேட்டாரு.

"போயா. வைக்கோலு போட்டதே நான்தானே? நான் எதுக்குப் பயப்படணும்?"னேன்.

அவருக்கு சந்தோசம் தாங்கல. "ஊரே அலறிச்சி. நீ மட்டும் கணக்க நம்பினே பாரு"ன்னாரு. அதுக்கப்பால டீக்கடைல, மில்லுல, எவன் கெடைச்சாலும், "என் பொண்டாட்டி பயப்படவே இல்ல தெரியுமா"ன்னு சொல்லிக்கினு திரிஞ்சாரு. ஆஸ்பத்திரில கண்ணு மஞ்சளா படுத்துக்கினு இருந்தப்போ கூட, ஊசி போட வந்த நர்சம்மாவாண்ட அதத்தான் சொன்னாரு. நானும் பக்கத்துல ஆமான்னு தலைய ஆட்டினேன்.

பயந்தேன்யா. நாலு வரைக்கும் ஒயுங்காத்தான் எண்ணினேன். நீ அந்தக் கோட்ட தாண்டி வந்தப்போ, நாலுக்கு அப்பால இன்னா வரும்னே எனக்குத் தெரியல.